போர்க்காலச் சர்க்கஸை நாவலாக எழுத நினைப்பவருக்கு

கேள்வி: "இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸை வைத்து நாவல் எழுதுகிறேன். ஒரு யூதப் பெண் அந்தச் சர்க்கஸில் தஞ்சம் புகுகிறாள். முதல் அத்தியாயம் கூடாரத்துக்குள், விளக்கு எரிய, வாத்தியம் முழங்கத் தொடங்குகிறது. கைப்பிரதியைப் படித்தவர்கள், 'போர் நடக்கும்போது யார் சர்க்கஸ் நடத்துவார்கள், யார் பார்ப்பார்கள், நம்பும்படி இல்லையே' என்கிறார்கள். கதையை விட்டுவிடுவதா? எழுதுவதென்றால் எதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்?"

விட்டுவிடாதீர்கள். நீங்கள் கற்பனை செய்தது கிட்டத்தட்ட அப்படியே நடந்திருக்கிறது.

1941 கோடையில் அடால்ஃப் ஆல்தாஃப் என்பவரின் சர்க்கஸ் டார்ம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தது. கலைஞர்கள் ஏறக்குறைய 90 பேர், அவர்களுடைய குடும்பங்கள் வேறு. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருத்தி இரேனே டானர். அவளுடைய தாய்வழி லோர்ஷ் குடும்பம் யூதக் குடும்பம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சர்க்கஸ் நடத்திப் புகழ்பெற்றது. அவளும் வித்தை கற்றவள்தான், ஆனால் அப்போது எந்த மேடையிலும் ஏற முடியாத நிலை. ஆல்தாஃப் அவள் யார் என்று தெரிந்தே வேறொரு பெயரில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அங்கே கோமாளிக் குடும்பத்தைச் சேர்ந்த பீட்டர் பென்டோவுக்கும் அவளுக்கும் காதல் மலர்ந்தது. யூதர்கள் மற்ற ஜெர்மானியரை மணப்பதைத் தடுத்த 1935-இன் நியூரம்பர்க் சட்டங்களின்படி அவர்கள் மணம் செய்துகொள்ள முடியாது. 1942-இல் டார்ம்ஸ்டாட்டிலிருந்து யூதர்களை நாடுகடத்தத் தொடங்கியபின் அவளுடைய அம்மாவும் தங்கையும் அதே சர்க்கஸுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா யூதர் அல்ல, ஜெர்மன் படையில் இருந்தவர். மனைவியை விவாகரத்து செய்துவிட்டு வா என்று விடுப்பில் அனுப்பினார்கள். அவர் விவாகரத்து செய்யாமல் சர்க்கஸுக்கே வந்துவிட்டார். நான்கு பேரும் போர் முடியும்வரை பிழைத்திருந்தார்கள். ஆல்தாஃபையும் அவர் மனைவி மரியாவையும் 1995-இல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாத் வாஷெம், யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களுக்குத் தரும் 'நாடுகளிடையே நேர்மையாளர்' என்ற பட்டத்தை அளித்துக் கௌரவித்தது.

ஆகவே உங்கள் நண்பர்களின் குறை கதையின் மேல் இருக்க முடியாது. உங்கள் பக்கங்களில் அந்தச் சர்க்கஸ் எப்படி நடக்கிறது என்பதே தெரியவில்லை என்று அவர்கள் சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். தீவனம் எங்கிருந்து வருகிறது, ரயில் பெட்டியை யார் கொடுக்கிறார்கள், எந்தத் தாளில் எந்த முத்திரை விழுகிறது என்பதெல்லாம் வராத வரைக்கும் உங்கள் கூடாரம் காற்றில்தான் நிற்கும்.

முதலில் "யார் நடத்துவார்கள்" என்ற கேள்வி. அரசே நடக்கட்டும் என்று விட்டிருந்தது. குண்டு விழும் நாட்டில் மக்கள் மனம் தளரக்கூடாது, விடுப்பில் வரும் படைவீரனுக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்த அனுமதி சும்மா கிடைத்ததில்லை. வித்தை காட்ட வேண்டுமென்றால் அரசின் கலாச்சார அவையில் பதிவு வேண்டும். அதற்கு வம்சாவளிச் சான்று வேண்டும். யூதக் கலைஞர்கள் அந்த வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஜெர்மன் சர்க்கஸை வளர்த்ததில் யூதக் குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்ட்ராஸ்புர்கர், ப்ளூமன்ஃபெல்ட், லோர்ஷ் என்று அந்தப் பெயர்கள் நீளும். ஸ்ட்ராஸ்புர்கர் குடும்பம் 1935-இல் சர்க்கஸை விற்றுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறியது. ப்ளூமன்ஃபெல்ட் குடும்பத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். டிரெஸ்டன் நகரின் புகழ்பெற்ற சர்க்கஸ் முதலாளி சாராசானி, யூதரல்லாதவர். நாஜிகளின் நெருக்கடியால் 1934-இல் தன் சர்க்கஸைத் தென் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், அதே ஆண்டு சாவோ பாலோவில் காலமானார். ஐரோப்பாவில் 'ஜிப்சி' என்று அழைக்கப்பட்ட சிந்தி, ரோமா மக்களை மறந்துவிடாதீர்கள். சிறு சிறு வண்டிச் சர்க்கஸ்களும் குதிரைத் தொழிலும் அவர்களில் பலருக்குப் பிழைப்பு. 1939 அக்டோபரில் அவர்கள் இருக்கும் ஊரைவிட்டு நகரக்கூடாது என்று ஆணை வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பவனிடம் நகராதே என்றால் அன்றைக்கே அவன் அடுப்பு அணைந்துவிடும். பிறகு அவர்களையும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். உங்கள் நாவலில் பக்கத்து மைதானத்தில் இருந்த ஒரு சின்னச் சர்க்கஸ் அடுத்த ஊருக்கு வரவேயில்லை என்று ஒரே ஒரு வரி வந்தால்கூட, அந்த வரி கனமாக இருக்கும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. போர்க்காலச் சர்க்கஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு தீவு போலக் காட்டுகிறார்கள்: வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம். உண்மையில் ஒரு சர்க்கஸுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரு படைக்கும் வேண்டும். குதிரை, வைக்கோல், ரயில் பெட்டி, கூடாரத்துக்கான கித்தான் துணி, இளந்தாரி ஆட்கள். இரண்டும் ஒரே பண்டத்துக்குக் கை நீட்டுகின்றன, எப்போதும் சர்க்கஸ்தான் தோற்கிறது. உங்கள் கதையின் மோதல்கள் எல்லாம் இங்கிருந்தே பிறக்கலாம். வில்லன் ஒருவனைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்த உறவு தற்செயலானதும் அல்ல. சர்க்கஸ் பிறந்ததே படையிலிருந்துதான். 1768-இல் லண்டனில் வட்டத்துக்குள் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி, ஏழாண்டுப் போரில் சண்டையிட்ட குதிரைப்படை வீரர். இன்றும் சர்க்கஸ் வட்டத்தின் விட்டம் 42 அடி என்று நிற்பதற்குக் காரணம், ஓடும் குதிரையின் முதுகில் மனிதன் விழாமல் நிற்க அந்த அளவு வளைவு ஒத்துவந்ததுதான். கடன் திருப்பிச் செலுத்தப்பட்டதும் உண்டு. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவின் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் ஜெர்மனியில் சுற்றியபோது, இத்தனை வண்டியையும் மிருகத்தையும் எப்படி இவ்வளவு வேகமாக ரயிலில் ஏற்றி இறக்குகிறார்கள் என்று ஜெர்மன் படை அதிகாரிகள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள் என்பது சர்க்கஸ் வரலாறுகளில் தவறாமல் வரும் செய்தி. உங்கள் நாவலில் ஒரு வயதான கூடாரத் தொழிலாளி இதைச் சொல்லட்டும். தான் கற்றுக்கொடுத்த வித்தையோடு ஒரு படை தன் எதிரே வந்து நிற்பதை அவன் பார்க்கட்டும்.

குதிரையிலிருந்து தொடங்குங்கள். 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை முதல் இரண்டு வாரங்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை நாடெங்கும் பிடித்துச் சேர்த்தது. பயிற்சி பெற்ற சர்க்கஸ் குதிரையை வைத்திருப்பவனுக்கு அது வெறும் விலைக்கணக்கு அல்ல. பத்து ஆண்டுப் பழக்கம் அது. இசை மாறினால் கால் மாற்றுகிற உயிர். அந்த இடத்தை யானை நிரப்பிய கதையும் உண்டு: முதல் உலகப் போரில் ஷெஃபீல்டில், ஒரு பயண மிருகக்காட்சியைச் சேர்ந்த லிஸி என்ற யானை, படைக்குப் போன குதிரைகளுக்குப் பதிலாக ஒரு இரும்பு நிறுவனத்துக்குப் பாரம் இழுத்தாள். நேற்றுவரை முக்காலியில் ஏறி உட்கார்ந்த யானை இன்று ஆயுதத் தொழிற்சாலைக்கு இரும்பு இழுக்கிறது. இதைவிடச் சுருக்கமாகப் போரைச் சொல்லும் காட்சி எனக்குத் தெரியாது.

தீவனம் அடுத்தது. வளர்ந்த யானை ஒன்று நாளைக்கு 150 கிலோ வரை தின்னும். சிங்கத்துக்கும் புலிக்கும் நாளுக்குப் பல கிலோ இறைச்சி, அதுவும் மனிதர்களே பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நிற்கும் காலத்தில். குண்டுவீச்சில் இறந்த குதிரை யாருக்குப் போகிறது, சர்க்கஸ் புலிக்கா, ஊர்க்காரர்களுக்கா? இந்த ஒரு கேள்வியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும் பசித்த புலியின் எதிரே தினமும் சாயங்காலம் போய் நிற்கிற பயிற்சியாளரின் அச்சத்தை நீங்கள் எழுதிப் பாருங்கள். வான்தாக்குதல் காட்சியைவிட அது வாசகரை இறுக்கிப் பிடிக்கும்.

கித்தானுக்கு வருவோம். இதற்கு நான் உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போக வேண்டும். 1944 ஜூலை 6, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரம். ரிங்லிங் சர்க்கஸின் பகல் காட்சி, சுமார் 7,000 பேர். ஆண்களில் நிறையப் பேர் படையிலும் ஆலைகளிலும் இருந்ததால் கூட்டத்தில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். அந்தக் கூடாரத்தின் கித்தானில் மழை இறங்காமலிருக்க 6,000 காலன் பெட்ரோலில் 1,800 பவுண்டு பாரஃபின் மெழுகைக் கரைத்துப் பூசியிருந்தார்கள். தீப்பிடிக்காத நல்ல பூச்சு அப்போதே இருந்தது. அது படைக்குப் போய்க்கொண்டிருந்தது. மிருகக் காட்சி முடிந்து, உயரே கம்பி வித்தைக்காரர்கள் ஏறும் நேரம் ஓரத்தில் சின்னதாகத் தீ தெரிந்தது. வாத்தியக் குழுத் தலைவர் மெர்ல் எவன்ஸ் சட்டென்று ஒரு அணிவகுப்புப் பாட்டுக்கு மாறினார். சர்க்கஸ்காரர்களுக்கு மட்டும் புரியும் அபாய அறிவிப்பு அது. சபையோர் காதில் அது வெறும் இசை. மிருகங்களைக் கூட்டிப்போகும் கம்பிக்கூண்டுப் பாதை, வெளியேறும் வழிகளில் சிலவற்றை மறித்துக்கொண்டு நின்றது. பத்து நிமிடத்துக்குள் கூடாரம் விழுந்துவிட்டது. உருகிய மெழுகு மழையாக மேலே கொட்டியது. 167 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். மிருகம் ஒன்றுகூடச் சாகவில்லை. போர்முனையிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி, ஒரு குண்டும் விழாத ஊரில் இது நடந்தது. கோமாளி எம்மெட் கெல்லி, முகத்தில் அழுகைச் சாயம் பூசியபடியே கையில் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடும் புகைப்படம் இருக்கிறது. கிடைத்தால் எழுதும் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலைப் பற்றிச் சொல்லும்போது 1918 ஜூன் 22-ஐச் சொல்லாமல் முடியாது. இண்டியானா மாநிலத்தின் ஹேமண்ட் அருகே விடியற்காலை நான்கு மணிக்கு ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் ரயில் ஒரு சக்கர அச்சு சூடேறியதால் நின்றிருந்தது. பின்னால் படைவீரர்களை ஏற்றிப் போகும் ரயில் ஒன்று காலிப் பெட்டிகளோடு வந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டார். மரத்தாலான பழைய படுக்கைப் பெட்டிகளை அது நொறுக்கிக்கொண்டு உள்ளே போனது; விளக்கு எண்ணெயில் தீப்பற்றியது. 86 பேர் இறந்தார்கள். பிற சர்க்கஸ்கள் தங்கள் ஆட்களையும் சாமான்களையும் கடனாகக் கொடுக்க, அந்தச் சர்க்கஸ் இரண்டே காட்சிகளை விட்டுவிட்டு மீண்டும் ஆடியது. இதைச் சர்க்கஸ்காரர்களின் நெஞ்சுறுதி என்று புகழ்வது வழக்கம். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். சிகாகோவை ஒட்டிய ஃபாரஸ்ட் பார்க் கல்லறையில் அவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு கல்லில் 'மொட்டை' என்று மட்டும் இருக்கிறது. 'நாலு குதிரை வண்டிக்காரன்' என்று ஒரு கல். பல கற்களில் 'அடையாளம் தெரியாத ஆண்' என்பதோடு சரி. சில நாள் முன்புதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பட்டப்பெயரால் மட்டுமே அறியப்பட்டவர்கள். சர்க்கஸில் யாரும் உன் நிஜப் பெயர் என்ன என்று கேட்பதில்லை.

இங்கேதான் உங்கள் கதாநாயகி வருகிறாள். 1918-இல் கல்லறையில்கூடப் பெயரில்லாமல் கிடக்க வைத்த அதே வழக்கம்தான், 1941-இல் இரேனேக்கு உயிர் கொடுத்தது. வேஷமும் மேடைப்பெயரும், இன்று சேர்ந்து நாளை போகிற ஆட்களும், பத்து மொழி பேசும் கூட்டமும் இருக்கும் இடத்தில் ஒரு புதுப் பெண் கண்ணில் உறுத்தமாட்டாள். சர்க்கஸ் நாலு நாளில் ஊர் மாறிவிடும். அண்டை வீட்டார் என்று ஒருவர் இல்லை, காட்டிக்கொடுக்க. ஆனாலும் உள்ளிருந்தே காட்டிக்கொடுக்க ஆள் இருக்கலாம் என்ற பயம் ஒவ்வொரு நாளும் உண்டு. தொண்ணூறு கலைஞர்கள், அவர்கள் குடும்பங்கள். அத்தனை வாய்களும் மூடியிருக்க வேண்டும். ரகசியக் காவல்துறையினர் சோதனைக்கு வரும்போது ஆல்தாஃப் அவர்களைப் பேச்சிலும் மதுவிலும் உட்கார்த்தி வைத்துக்கொள்வார். அதற்குள் இரேனேயும் குடும்பத்தாரும் ஒளிந்துகொள்வார்கள். இந்த இடத்தை எழுதும்போது அவருடைய புன்னகையை எழுதுங்கள். சபையோர் முன் பழகிய புன்னகை அது. வட்டத்துக்குள் கற்ற தொழிலைத்தான் அந்த மேசையிலும் அவர் செய்திருக்கிறார்.

அதே நேரம் சர்க்கஸ்காரர்கள் எல்லோரையும் நல்லவர்களாக்கிவிடாதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். மியூனிக்கில் இருந்த க்ரோனே சர்க்கஸ் கட்டடத்தில் 1921-இலேயே ஹிட்லர் பொதுக்கூட்டம் பேசினார். அந்தக் காலத்தில் நகரத்தின் மிகப்பெரிய உள்ளரங்குகளில் ஒன்று அது. யூதக் குடும்பங்கள் விட்டுப்போன இடத்தை மற்றவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். ஆல்தாஃபின் காட்சியிலும் முன்வரிசையில் சீருடைக்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கைதட்டிய பணத்தில்தான் ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு. உங்கள் கதாநாயகி கயிற்றிலோ குதிரையிலோ நின்று அவர்களைப் பார்த்துக் கும்பிடும் தருணத்தைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நாவல் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

கதையை யார் கண் வழியாகச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். உயரே ஆடும் பெண்ணோ கோமாளியோ மிருகப் பயிற்சியாளரோதான் பொதுவான தேர்வு. நான் எழுதினால் முன்னே போகிற ஆளைப் பிடிப்பேன். சர்க்கஸ் வருவதற்குச் சில நாள் முன்பே அடுத்த ஊருக்குப் போய் மைதானம் பேசி, காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, வைக்கோலுக்கு முன்பணம் கொடுத்து, சுவரொட்டி ஒட்டுகிறவன். ஊர்ச் சுவர்களைப் படிப்பதுதான் அவன் வேலை. யாருக்கு எதிராக என்ன அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, எந்தக் கடை மூடிக்கிடக்கிறது, சரக்கு நிலையத்தில் ஏன் இத்தனை மூடிய பெட்டிகள் என்பதெல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும். அவன் தன் சுவரொட்டியை எதன்மேல் ஒட்டுகிறான் என்பதிலேயே கதை இருக்கிறது.

கலைஞர்கள் பல நாட்டவர் என்பதையும் கைவிடாதீர்கள். போர் அறிவித்த மறுநாள் காலை அதே கூடாரத்துக்குள் பாதிப்பேர் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஊஞ்சல் வித்தையில் தாவுகிறவனைப் பிடிக்கும் கை எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. புனேயில் பிறந்த மிருகப் பயிற்சியாளர் தாமு தோத்ரே, பிரெஞ்சுப் பயிற்சியாளர் ஆல்ஃபிரட் கோர்ட்டுடன் ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1940-இல் ரிங்லிங் சர்க்கஸுக்குப் போனார். அப்படிக் கடல் தாண்ட முடிந்தவர்கள் சிலரே.

முடிவுக்கு டிரெஸ்டனைப் பயன்படுத்த உங்களுக்கு ஆசை வரும், எனக்குத் தெரியும். சாராசானி சர்க்கஸுக்கு அங்கே 1912-இல் கட்டிய நிரந்தரக் கட்டடம் இருந்தது. 1945 பிப்ரவரி 13 இரவு, நோன்புக் காலத்துக்கு முந்தைய கேளிக்கை நாள், உள்ளே காட்சி நடந்துகொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. சபையோர் கீழே நிலவறைக்குப் போனார்கள். விடிவதற்குள் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் கட்டடம் எரிந்துபோயிருந்தது, மிருகங்கள் பலவும் செத்துப்போயின. இதை நாவலின் உச்சமாக வைத்தால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். உங்கள் பயணச் சர்க்கஸ் வேறெங்கோ இருக்கட்டும். டிரெஸ்டனிலிருந்து ஒரே ஒரு குதிரைக்காரன் நடந்தே வந்து சேரட்டும். அவன் எதுவும் சொல்லாமல் குதிரை லாயத்தில் போய்ப் படுத்துக்கொள்ளட்டும்.

ஒரு வேலை சொல்கிறேன், அதைச் செய்துவிட்டு மறுபடி எழுதுங்கள். உங்கள் முதல் அத்தியாயம் கூடாரத்துக்குள், விளக்கு எரிய, வாத்தியம் முழங்கத் தொடங்குகிறது என்றீர்கள். அதை அப்படியே எடுத்து மூன்றாம் அத்தியாயமாக வையுங்கள். முதல் அத்தியாயத்தை ஒரு சரக்கு ரயில் நிலைய அலுவலகத்தில் தொடங்குங்கள். முன்னே போகிற ஆள் பதினான்கு பெட்டி கேட்கிறான். எதிரே இருப்பவர் ஆறுதான் இருக்கிறது, மீதி வேறு வேலைக்குப் போகிறது என்கிறார். என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. ஆறு பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று தாளில் எழுதத் தொடங்குகிறான்.